முழங்காலுக்காகப் பிடுங்கிய பற்கள்

ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த இரண்டு இளம் டாக்டர்கள் போன வாரம் என் வீட்டுக்கு வந்தார்கள். பழைய கேஸ் புத்தகங்களைப் புரட்டியபோது ஒரு விஷயம் அவர்களுக்கு விளங்கவில்லையாம். முழங்கால் வலி என்று வந்தவர்களின் பக்கங்களில், வைத்தியம் என்ற கட்டத்தில், ‘மேல் பற்கள் அகற்றப்பட்டன’ என்று எழுதியிருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் அதே வாசகம். பிறகு ஒரு தசராவை ஒட்டி அது அடியோடு நின்றுவிடுகிறது. “கையெழுத்து உங்களுடையது. என்ன நடந்தது?” என்று கேட்டார்கள்.

நான் சொல்லத் தொடங்கியபோது அவர்கள் கையில் காபி டம்ளர் இருந்தது. முடித்தபோதும் அதே காபி அப்படியே இருந்தது, ஆறிப்போய். எழுதியே கொடுத்துவிடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

நான் வைத்தியன் அல்ல. மைசூரில் நடந்துகொண்டிருந்த ஒரு சிறு பத்திரிகையில் இரண்டரை வருஷம் நிருபராக இருந்தேன். எங்கள் ஆசிரியருக்கு எந்தச் செய்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் ஒரே கேள்விதான்: “பார்த்ததா, கேள்விப்பட்டதா?” கேள்விப்பட்டது என்றால் தாள் திரும்பி என் கைக்கு வந்துவிடும். பத்திரிகை நின்றுபோனதும், எலும்பு மூட்டுப் பிரிவில் நோயாளிகளின் விவரம் எழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அந்தப் பிரிவின் தலைவர் டாக்டர் செல்வப்பிள்ளை. மேல்கோட்டையிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக மைசூரில் இருக்கும் ஐயங்கார் குடும்பம். வீட்டில் பேசுகிற தமிழையே எங்களிடமும் பேசுவார். என்னை அவர் பெயர் சொல்லி அழைத்ததில்லை. முதல் நாளிலிருந்து ‘ரிப்போர்ட்டர்’தான்.

அவரிடம் நோயாளி வந்து வலியைச் சொல்ல ஆரம்பித்தால் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். “வாய் அப்புறம் பேசட்டும். கால் முதல்ல பேசட்டும்.” அறை வாசலில் ஒரு தகரத் தட்டில் தண்ணீர் இருக்கும். நோயாளி அதில் இரண்டு பாதங்களையும் நனைத்துக்கொண்டு, சிவப்புச் சிமெண்டுத் தரையில் இருபதடி நடக்க வேண்டும். ஈரத் தடங்கள் காய்வதற்குள் நான் அளவுகோலை வைத்து ஒவ்வொரு அடிக்கும் நடுவே உள்ள தூரத்தை எழுதிவிட வேண்டும். வெயில் காலத்தில் ஓட்டமாக ஓடி அளப்பேன். வலிக்கிற காலில் ஊன்றி நிற்க மனிதன் பயப்படுகிறான். அதனால் நல்ல கால் அவசரமாகக் கீழே இறங்கிவிடுகிறது. அதன் தடம் கிட்டத்தில் விழுகிறது. எந்த முழங்கால் என்று நோயாளி சொல்வதற்கு முன்பே தரை சொல்லிவிடும். அந்த வித்தையைக் கண்டு நான் முதல் மாதம் முழுக்க வாயைப் பிளந்துகொண்டிருந்தேன்.

பிறகு நோயாளியைக் கட்டிலில் படுக்கவைத்து, முழங்கால் சில்லின் மேல் உள்ளங்கையை வைத்தபடி காலை மடக்கி நீட்டுவார். கண்ணை மூடிக்கொள்வார். உள்ளே நறநறவென்று தட்டினால், “மணல்” என்பார். நான் எழுதுவேன். எக்ஸ்ரே படத்தில் தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு பக்கம் குறுகியிருக்கும். ஓரங்களில் எலும்பு முள்போல் வளர்ந்திருக்கும். எலும்பு முனைகளுக்கு மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இதுவரை எல்லாம் கண்ணால் பார்த்தது. ஏன் தேய்ந்தது என்ற கேள்வியில்தான் நாங்கள் சறுக்கினோம். உடம்பில் எங்கோ மறைந்திருக்கும் சீழ், முக்கியமாகப் பல்லின் வேரில் இருக்கும் சீழ், ரத்தத்தில் கலந்து மூட்டில் போய் இறங்குகிறது என்பது அன்றைக்குப் பெரிய பெரிய டாக்டர்கள் ஒப்புக்கொண்ட கொள்கை. சீமையிலிருந்து வரும் வைத்தியப் பத்திரிகைகளிலும் அதே பேச்சு. எனவே ஈறு கொஞ்சம் சிவந்திருந்தால் போதும், முழங்கால் நோயாளி பல் டாக்டரிடம் அனுப்பப்படுவார்.

ஒரு வருஷம், தசராவுக்கு இரண்டரை மாதம் இருக்கும்போது, மாரப்பன் வந்தார்.

கொள்ளேகாலத்துக்காரர். வயது நாற்பத்தாறு. அரண்மனை விழாக்களில் வாசிக்கும் பேண்டு ஒன்றில் கார்னெட் என்ற பித்தளை ஊதுகுழல் வாசிப்பவர்களில் முதல் ஆள். வலது கையில் தடி. தண்ணீர்த் தட்டில் காலை வைக்கும்போதே, “ஏனுங்க, பாதபூசைங்களா?” என்று கேட்டார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நடந்தபோது யாரும் சிரிக்கவில்லை. இடது பாதத் தடம் வலது தடத்துக்கு ஒரு சாண் தூரத்திலேயே விழுந்தது.

வலது முழங்கால். மணல். படத்தில் உள்பக்க இடைவெளி பாதியாகக் குறைந்திருந்தது. மேல் முன்பற்களின் ஈறு சிவந்திருந்தது. பல் டாக்டரின் சீட்டு அன்று மாலையே வந்துவிட்டது: மேல்வரிசை முழுவதும்.

“பல்லு போயிருச்சுன்னா நான் ஊதறதெப்படீங்க?” என்றார் மாரப்பன். கார்னெட்டின் வாய்முனையை உதட்டில் அழுத்தி ஊத வேண்டும். உதட்டுக்குப் பின்னால் முட்டுக்கொடுப்பது முன்பற்கள்தான். அவை இல்லாவிட்டால் காற்று வரும், சுரம் வராது.

“பல் இருந்து கால் இல்லேன்னா மட்டும் பேண்டுல வச்சுப்பாளா?” என்றார் டாக்டர்.

அதற்கும் மாரப்பனிடம் பதில் இருந்தது, சட்டைப் பையில், காகிதமாக. பேண்டு மாஸ்டர் எழுதியது. தசரா ஊர்வலத்தில் அரண்மனையிலிருந்து ஊர்வலம் முடியும் பன்னிமண்டபம் வரை, மூன்று மைலும் வரிசை கலையாமல் நடக்க முடியாதவர்களின் பெயர் அடிக்கப்படும். ஆக, பல்லைக் கொடுத்தால் ஊத முடியாது. முழங்கால் இப்படியே இருந்தால் நடக்க முடியாது. எந்தப் பக்கம் போனாலும் இருபத்தெட்டு வருஷ வாசிப்பு முடிந்தது. பத்து நாள் கழித்துப் பல் எடுக்கத் தேதி குறிக்கப்பட்டது.

டாக்டர் உள்ளே போனதும் மாரப்பன் என் மேஜைக்கு வந்தார்.

“ஒண்ணு கேக்கோணுமுங்க. இதுவரைக்கும் பல்லுப் புடுங்குனவங்களுக்கு முட்டி நல்லாயிருச்சுங்களா?”

எனக்கு உற்சாகமாக இருந்தது. என்னிடம் ஆதாரம் இருந்தது. புத்தகத்தைத் திருப்பி, கடைசிக் கட்டத்தைக் காட்டினேன். குணம். குணம். குணம்.

அவர் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். “இத எழுதுனது ஆருங்க?”

“நான்தான்.”

“பாத்துட்டு எழுதுனீங்களா?”

நான் புத்தகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். எங்கள் வழக்கம் என்னவென்றால், ஒரு நோயாளி மூன்று மாதம் திரும்பி வராவிட்டால் அவர் பெயருக்கு எதிரே ‘குணம்’ என்று எழுதிவிடுவது. வலி இருந்தால் வந்திருப்பாரே என்பது கணக்கு. நான் சேர்வதற்கு முன்பிருந்தே அப்படித்தான். பத்திரிகையில் இருந்திருந்தால் ஆசிரியர் அந்தத் தாளை என் முகத்தில் எறிந்திருப்பார்.

“பத்து நாள் இருக்கிறது. நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்” என்றேன்.

மறுநாளிலிருந்து, வேலை முடிந்த கையோடு சைக்கிளை எடுத்துவிடுவேன். கேஸ் புத்தகத்திலிருந்து விலாசங்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். எனக்கு முப்பத்திரண்டு வயது; நிருபர் வேலை போனதிலிருந்து இப்படி ஒரு விஷயத்தின் பின்னால் அலைந்ததில்லை. மண்டி மொஹல்லாவில் ஏறினேன், நஞ்சன்கூடு ரோட்டில் இறங்கினேன். வீடு மாறியவர்களை அடுத்த வீட்டில் விசாரித்தேன்.

முதல் வீடு அக்ரஹாரத்தில். கோமளம்மாள், கோயில் மடப்பள்ளிச் சமையல்காரரின் மனைவி. கதவைத் திறக்க அவர் எழுந்து வந்த விதத்திலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஒரு கை சுவரில், ஒரு கை முழங்காலில்.

“வலி போகலையா, மாமி?”

“எங்கே போறது? பல்லுதான் போச்சு.” பொக்கை வாயால் சிரித்தார். “சீடையெல்லாம் இப்போ இடிச்சுத்தான் திங்கறது.”

“பின்னே ஏன் திரும்ப வரலை?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “எப்படிடா வரது? அவ்வளவு பெரிய டாக்டர், தலையைத் தொட்டு, குணமாயிடும்மான்னு சொன்னார். ஆகலைன்னு அவர் முகத்துக்கு நேரே போய் நிக்கறதா? மனுஷன் மனசு என்ன பாடுபடும்?”

அன்று நான் சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே வந்தேன். அடுத்தடுத்த வீடுகளிலும் அதே மரியாதை. டாக்டருக்குச் சங்கடம் வைக்கக் கூடாது என்று வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அந்த மரியாதையைத்தான் நான் ‘குணம்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆறு நாளில் பல் இழந்தவர்கள் ஏழு பேரைப் பிடித்துவிட்டேன். ஐந்து பேருக்கு முழங்கால் அப்படியே. ஒருவருக்கு அதிகம். ஒருவர் கொஞ்சம் தேவலை என்றார். அதையும் அப்படியே எழுதினேன். இன்னொன்றையும் எழுதினேன்: எல்லோருமே முதல் ஒரு மாதம் வலி குறைந்திருந்தது என்றார்கள்.

எட்டாவது ஆளைப் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரங்கண்ணா, தந்தி ஆபீஸ் சேவகர்; புத்தகத்தில் அவர் பக்கத்திலும் அதே ‘மேல் பற்கள் அகற்றப்பட்டன’தான். லஷ்கர் மொஹல்லாவில் நான் வீட்டு எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது, காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் சைக்கிளிலிருந்து ஒரு காலைச் சுழற்றி இறங்கினார். அவரிடமே விலாசம் கேட்டேன். அவர்தான் ரங்கண்ணா. சிரித்தார். வாய் நிறையப் பல்.

“பல் எடுக்கவில்லையா?”

“குறடைப் பார்த்தேன், ஸ்வாமி. ஓடி வந்துட்டேன்.” கன்னடக்காரர், எனக்காகத் தமிழ் பேசினார். “டாக்டர்கிட்டே சொல்லிடாதீங்க, கோவம் ஆயித்தூன்னா கஷ்டம்.”

“முழங்கால்?”

“பரவாயில்லை. மாடி ஏறினா கொஞ்சம் இருக்கு. முன்னாடி எல்லாம் நடந்தே தந்தி கொடுத்தேன், அழுதுகிட்டே நடப்பேன். அப்புறம் ஆபீஸ்ல சைக்கிள் கொடுத்தாங்க. ஒரு வருஷம் ஆச்சு.”

காக்கி அரைக்கால் சட்டைக்குக் கீழே அவர் தொடை கயிறு முறுக்கியதுபோல் இருந்தது. அதைப் பார்த்தேன், குறித்துக்கொண்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

பல் எடுக்க மூன்று நாள் இருந்தது. காலையில் நோயாளிகள் வருவதற்கு முன், இரண்டு தாளில் எழுதியதை டாக்டர் மேஜையில் வைத்தேன். வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்ததாகச் சொன்னால் அது பொய்.

அவர் படித்தார். திரும்ப முதல் தாளுக்குப் போய்ப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“எட்டுப் பேரையும் நீர் நேர்ல பார்த்தீரா?”

“பார்த்தேன், சார்.”

“அப்போ ஒன்பதாவதா எழுதும்.”

வாயில் கையை வைத்தார். மேல்வரிசைப் பல் முழுவதும் கழன்று வந்தது. அதை என் தாள்களின் மேல் வைத்தார். நான்கு வருஷம் தினமும் பார்த்த முகம், கன்னம் ஒட்டி, வேறு யாரோ ஆகிவிட்டது.

“கேளும், ஓய். எல்லார்கிட்டேயும் கேக்கற மாதிரி கேளும். பேர், வயசு, தொழில்.”

கேட்டேன். பெயர் செல்வப்பிள்ளை. வயது ஐம்பத்து மூன்று. வைத்தியம்.

“எந்த முழங்கால்?”

“ரெண்டும். சென்னப்பட்டணத்துல லீவு போட்டுண்டு போய் எடுத்துண்டேன். ஆறு வருஷம் ஆறது.”

“இப்போது வலி?”

“மாடிப்படி இறங்கறச்சே. கீழே உக்காந்து எழுந்துக்கறச்சே.”

“பிறகும் ஏன் சார்...” நான் முடிக்கவில்லை.

“முதல் மாசம் நன்னா இருந்தது. அப்புறம் வலிக்கறச்சே, இன்னும் கொஞ்ச நாள் ஆகணும்னு நெனச்சேன். பல்லைக் கொடுத்துட்டு, அது வீண்னு ஒத்துக்கறது சுலபமா?” தாள்களின் மேல் கிடந்த பல்வரிசையைப் பார்த்தார். பிறகு திடீரென்று நிமிர்ந்தார். “எல்லாரும் முதல் மாசம் தேவலைன்னு சொன்னாளா?”

“எல்லோரும்.”

“பல்லைப் பிடுங்கிண்டு வந்தா என்ன பண்ணுவா? கஞ்சி குடிச்சிண்டு வீட்டுல உக்காந்திருப்பா. உடம்பு இளைக்கும், மூட்டுல பாரம் குறையும். பல்லுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை, ஓய்!” அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். பல்லை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். “அந்தத் தந்திச் சேவகனைக் கூட்டிண்டு வாரும். இன்னிக்கே.”

ரங்கண்ணா நடுங்கிக்கொண்டே வந்தார். மாரப்பனும் வந்தார். இருவரையும் அடுத்தடுத்த கட்டிலில் படுக்கவைத்து, முழங்கால் சில்லுக்கு மேல் நான்கு விரற்கடை தள்ளித் தொடையைச் சுற்றி நாடா பிடித்தார் டாக்டர். ரங்கண்ணாவுக்கு இரண்டு தொடையும் ஒரே அளவு. மாரப்பனுக்கு வலது தொடை ஒன்றேகால் அங்குலம் குறைவு. திரும்ப அளந்தார். அதே ஒன்றேகால்.

“இவருக்கும் மணல் இருக்கு, அவருக்கும் மணல் இருக்கு” என்றார், ரங்கண்ணாவின் முழங்காலை மடக்கிப் பார்த்துவிட்டு. “வலி மட்டும் ஒருத்தருக்கு. தினம் முழங்காலைப் பார்த்தேனே தவிர, ஒரு ஜாண் மேலே பார்க்கலையே.”

அவர் எனக்கு எழுதச் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேய்ந்த குருத்தெலும்பை யாரும் திரும்ப வளர்க்க முடியாது. ஆனால் முழங்காலைப் பிடித்து நிறுத்துவது தொடையின் முன்பக்கத் தசை. வலிக்கிறது என்று மனிதன் காலை ஓய்வில் வைக்கிறான், ஓய்வில் தசை சூம்புகிறது, சூம்பினால் அடிக்கு அடி அதிர்ச்சி முழுவதும் மூட்டில் விழுகிறது, இன்னும் வலிக்கிறது. நடப்பதால் இடிபட்ட கால், சைக்கிள் மிதிப்பதால் இடிபடாமலே பலம் பெற்றுவிட்டது. ரங்கண்ணா தெரியாமல் செய்துகொண்ட வைத்தியம் அது.

“அப்ப என்ற பல்லு?” என்றார் மாரப்பன்.

“ஈறைச் சுத்தம் பண்ணினாப் போறும். பல் இருக்கட்டும். தசராவுக்கு நடப்பேளான்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது.”

“பல்லு இருந்தாப் போதுமுங்க. நடக்கறதுக்கு நான் பாடுபடறேன்.”

அடுத்த இரண்டு மாதமும் எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போவது திருவிழாவுக்குப் போவதுபோல் இருந்தது. முதலில் தடி வலது கையிலிருந்து இடது கைக்கு மாறியது. வலிக்கிற பக்கமே தடி பிடிப்பதுதான் ஊர் முழுக்க வழக்கம். எதிர்க்கையில் பிடித்தால் பாரம் குறைகிறது என்று தடங்களை அளந்தே நிரூபித்தோம். குந்தி உட்காருவது அடியோடு நின்றது. பூட்ஸின் வெளி ஓரத்தில் கால் அங்குலத் தோல் வைத்துத் தைக்கச் செய்தார் டாக்டர். காலையில் வெந்நீர் ஒத்தடம். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, கணுக்காலில் ஒரு சிறு மண் மூட்டையைக் கட்டி, காலை நேராக நீட்டிப் பிடிக்க வேண்டும். பத்து எண்ணும் வரை.

மாரப்பனுக்கு எண்ணப் பொறுமை இல்லை. மூன்றாம் நாள் கார்னெட்டைக் கொண்டுவந்துவிட்டார். காலை நீட்டி, ஒரே சுரத்தைப் பிடித்து ஊத ஆரம்பிப்பார். மூச்சு தீரும் வரை கால் இறங்காது. முதல் வாரம் சுரத்துக்கு முன்பே கால் நடுங்கி விழுந்துவிடும், சுரமும் தடுமாறும். ஐந்தாவது வாரத்தில் சுரம் முடிந்த பிறகும் கால் நின்றது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நாடா பிடித்தேன். ஒன்றேகால் அங்குலம் ஒன்றானது, முக்கால் ஆனது. இடது தடம் தரையில் மெல்ல மெல்லத் தள்ளி விழுந்தது. மாலையில் ரங்கண்ணா வந்து ஆஸ்பத்திரி மைதானத்தில் அவருக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தார். மாரப்பன் இரண்டு தடவை விழுந்தார். “முட்டிய நல்லாக்கறமுன்னு முதுக ஒடைச்சுப் போடாதீங்க” என்றார்.

நடுவில் ஒரு வாரம் அதிகமாகச் சைக்கிள் மிதித்ததில் மூட்டு வீங்கிவிட்டது. நான் பயந்துபோனேன். டாக்டர் மூன்று நாள் மூட்டையை நிறுத்தினார், பாதி எடையில் திரும்ப ஆரம்பித்தார். அந்த நாட்களில் மாரப்பன் என்னிடம் ஒரு நகைச்சுவையும் சொல்லவில்லை.

தசரா வந்தது. ஊர்வல நாளில் நானும் டாக்டரும் பன்னிமண்டபத்தில் போய் நின்றோம். வழியில் நிற்கலாம் என்றேன். “பாதி தூரத்துல பார்த்து என்ன பிரயோஜனம்?” என்றார். ஜனக்கூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. தலைகள், தலைப்பாகைகள், தோளில் உட்கார்ந்த குழந்தைகள். தூரத்தில் பேண்டு சத்தம் மட்டும் வந்தது. டாக்டர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“முதல் கார்னெட் எது, ஓய்? உமக்குத் தெரியறதா?”

தெரிந்தது. இரண்டு மாதம் கேட்ட சுரம் அது. பெரிய டிரம்முக்கு மேலே, கிளாரினெட்டுகளுக்கு மேலே, தெளிவாக வந்தது. நடுவில் ஒருமுறை நின்றது. டாக்டர் பிடியை இறுக்கினார். பிறகு திரும்ப வந்தது, முன்னைவிடக் கிட்டத்தில். வாய்முனையைத் துடைத்தாராம், பிறகு சொன்னார்.

கூட்டம் விலகியது. வரிசையின் வலது ஓரத்தில் மாரப்பன். உடம்பு லேசாக இடது பக்கம் சாய்ந்திருந்தது. கால் வரிசையோடு விழுந்தது. நான் ஐம்பது அடி வரை எண்ணினேன். ஒன்றும் தப்பவில்லை.

பேண்டு கலைந்ததும் அவரிடம் ஓடினோம். பேண்டு மாஸ்டர் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். ஒரு கல்லின்மேல் மாரப்பனை உட்காரவைத்து, டாக்டர் அந்தப் புழுதியில் மண்டியிட்டு, கால்சட்டையைச் சுருட்டிவிட்டு முழங்காலில் கையை வைத்தார். சூடு இருந்தது, கொஞ்சம் வீக்கம் இருந்தது. மடக்கி நீட்டிப் பார்த்தார். “மணல் அப்படியேதான் இருக்கு” என்றார். “இருந்துட்டுப் போகட்டும்.”

பிறகு எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றினார், மறு கையைத் தொடையில் ஊன்றினார். பாதி எழுந்து மறுபடி மண்டியிட்டார்.

மாரப்பன் கார்னெட்டை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து நின்று, இரண்டு கையையும் நீட்டி அவரைத் தூக்கிவிட்டார். வேட்டியில் ஒட்டிய புழுதியைத் தட்டினார். கொஞ்ச நேரம் அவர் கால்களையே பார்த்தார்.

“நாடா வச்சு அளந்தீங்களா டாக்டர், உங்க தொடைய?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நாளைக்கு வாங்க. மண்ணு மூட்ட எங்கிட்டத்தான் இருக்குது. நான் ஊதறேன், நீங்க காலத் தூக்குங்க.”

“எத்தனை மணிக்கு வரணும்?” என்று கேட்டார் டாக்டர் செல்வப்பிள்ளை.